பயமா இருக்குதுங்க சார், நான் போறனுங்க

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் நான் இன்றும் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் எடுப்பேன். ஊரில் மற்றவர்களுக்கு ஞாயிறு என்றால் மசால் தோசை. எனக்கு, ஏதோ ஒரு மாணவன் ஏரியில் விழுந்துவிட்டான் என்ற செய்தி. இதுவரை ஒருவனும் விழுந்ததில்லை. அதனால் பயம் குறைந்ததா என்றால் இல்லை. இத்தனை வருடம் விழாமல் இருந்தவர்கள் எல்லாம் சேர்த்து வைத்து இந்த வாரம் விழப்போகிறார்கள் என்றே தோன்றும்.

மைசூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் நான். ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் சமூக சேவைப் பிரிவை என் தலையில் கட்டி முடித்திருந்தார்கள். “நீவே நோட்கொள்ளி சார்” என்றார் முதல்வர், கன்னடத்தில், மிகுந்த அன்போடு. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பொறுப்பைத் தள்ளிவிடும்போது எந்த மொழியும் இனிமையாகத்தான் இருக்கிறது.

வேலை கேட்க எளியது. மாணவர்களுக்குச் சேவைச் சான்றிதழ் வேண்டும். ஊருக்கு இலவசமாக ஆட்கள் வேண்டும். இரண்டையும் இணைத்துவிட்டு நான் மரத்தடியில் குடை பிடித்து நிற்கவேண்டும். நிற்கிற நேரத்தில், யார் யார் எப்படியெல்லாம் சாகலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஏரி என்றால் பாம்பு. மரம் நடுவது என்றால் கடப்பாரை. தசரா கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது என்றால் கூட்டம், யானை, இரண்டும் சேர்ந்தாற்போல. என் மனைவி கேட்பாள், “நீங்க சேவை செய்யறீங்களா, சாவு எண்ணறீங்களா?” நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இப்படிப்பட்ட ஆசாமியிடம்தான் அவள் வந்து சேர்ந்தாள். பெயரை எழுதப்போவதில்லை. அச்சில் தன் பெயரைப் பார்த்தால் பயந்துவிடுவாள்.

அந்த வருடத்தின் முதல் கூட்டம். பெரியாஸ்பத்திரியில் ஒரு உதவி மேசை போடப்போகிறோம், கொள்ளேகால், ஹனூர் பக்கமிருந்து வரும் தமிழ் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து, எந்த வார்டு எங்கே என்று வழிகாட்ட ஆள் வேண்டும் என்றேன். பல கைகள் எழுந்தன. மேசைக்கு இடம் கிடைத்தது பிணவறைக்குப் போகிற வழியில் என்றேன். எல்லாக் கைகளும் இறங்கின. கடைசி வரிசையில் ஒரே ஒரு கை புதிதாக மேலே வந்தது. மெலிந்த கை. தூரத்திலிருந்தே தெரியும்படி நடுங்கியது.

“சொல்லும்மா.”

எழுந்து நின்றாள். “பயமா இருக்குதுங்க சார்” என்றாள். நான் தலையாட்டி உட்காரச் சொல்லப் போனேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. “நான் போறனுங்க.”

அறையே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் கிரண். மண்டி மொஹல்லாவில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை; கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுவான்; எதற்கும் அஞ்சாதவன். “சார், அவ வர்றாளா வரலையான்னு முதல்ல கேளுங்க சார்” என்றான். நான் சிரிக்கவில்லை. அடுத்தவர் பயத்தைப் பார்த்தால் எனக்குத் தொற்றிக்கொள்ளும்.

போனாள். வாரா வாரம் போனாள். ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெச்சர் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாளாம். கண்ணைத் திறந்ததும் எதிரில் நிற்பவரின் சீட்டை முதலிலிருந்து மறுபடி படிப்பாளாம். “கண்ண மூடுனதுல ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா என்னங்க பண்றது?” என்றாள், நான் கேட்டபோது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. எந்தக் கூட்டத்திலும் நான் வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை எழும், நடுங்கும், அதே வாக்கியம் வரும். ரத்ததானம் என்றேன். பயமா இருக்குதுங்க சார், நான் போறனுங்க. எடை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். வருடம் முழுக்க வாழைப்பழம் தின்றுவிட்டு அடுத்த முகாமுக்கு வந்து, ஊசியைப் பார்த்து அழுதபடியே கையை நீட்டினாள். அழுகிறவளிடம் எடுக்கலாமா என்று நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஊசி ஆகாது.

தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் முகாமுக்கும் வந்தாள். நாய் என்றால் அவளுக்கு உயிர் போகும். மண்டி மொஹல்லாவின் சந்துகளில் கால்நடை மருத்துவர் முன்னால் போவார். ஊசி போட்ட நாயின் நெற்றியில் அடையாளத்துக்குப் பச்சைச் சாயம் தடவவேண்டும். சாய டப்பா அவள் கையில். கிரண் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒவ்வொரு நாயையும் “பா மகனே” என்று கொஞ்சி அழைத்து, தடவிக்கொடுத்து, வீரனாக வலம் வந்தான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு நாய் விடாமல் எல்லா நாயையும் வெறித்தபடி நகர்ந்தாள்.

ஒரு திருப்பத்தில் தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. கிரண் குனிந்து பிஸ்கட்டை நீட்டினான். அவள் போட்ட அலறலில் டப்பா கவிழ்ந்து என் செருப்பு பச்சையாயிற்று.

“என்ன தாயி, சும்னே, காரணமே இல்லாம கத்தறே?” என்று கிரண் எரிந்து விழுந்தான்.

“அது வாய மூட மாட்டேங்குதுங்க. அப்ப இருந்து பாக்கறேன், மூடவே இல்லீங்க.”

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். கீழ்த்தாடை தொங்கிக்கிடந்தது, எச்சில் நூலாக வழிந்துகொண்டிருந்தது. வெறிநோய் என்று சொல்லி எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். அவர் குரலே மாறிப்போயிருந்தது. அன்றிரவு எனக்குக் காய்ச்சல் அடித்தது. என்னை எந்த நாயும் கடித்திருக்கவில்லை.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித்தரும் வேலையும் எங்கள் பிரிவுக்கு வரும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதவேண்டும். சொன்னதை மட்டும்தான் எழுதலாம், ஒரு சொல் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ஒரு முறை கிரணை அனுப்பினேன். வரலாற்று மாணவர் ஒருவர் சொன்ன பதில்கள் அவனுக்குத் திருப்தி தரவில்லை. நல்லெண்ணத்தோடு திருத்தி எழுதினான். அவன் திருத்தத்தில் ஒரு யுத்தத்தில் தோற்றவர் ஜெயித்தார். அந்த மாணவர் தோற்றார். அவர் என் அறைக்கு வந்து மேசையைத் தட்டிக் கேட்டார், “சார், பரீட்சை எனக்கா, அவனுக்கா?”

மறுமுறை அவளை அனுப்பினேன். தப்பாக எழுதிவிடுவோமோ என்ற நடுக்கத்தில் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் அவருக்குத் திருப்பிப் படித்துக்காட்டினாள். “ஏ தாயி, நான் பரீட்சை எழுதறேனா, நீ சகஸ்ரநாமம் சொல்றியா?” என்று அவர் கத்தியது வராந்தா வரை கேட்டது. அடுத்த தேர்வுக்கு முன்னால் மறுபடி வந்தார். கோபமாகத்தான் வந்தார். “சார், அந்தப் பயந்தாங்கொள்ளியை எனக்குப் போடுங்க. வேற யாரும் வேண்டாம்” என்றார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். “ஏம்மா, இவ்வளவு பயந்தா எதுக்கு எல்லாத்துக்கும் கை தூக்கறே?”

அவள் ஊர் ஹனூர் பக்கம், காட்டை ஒட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், மக்காச்சோளம். கதிர் முற்றும் காலத்தில் யானை இறங்கும். ராத்திரிக் காவலுக்குப் பரண் மேல் இரண்டு பேர் இருப்பார்கள்.

“எங்கூர்ல காவலுக்கு ஆள் சேக்கறப்ப, பயப்படாதவனைக் கூப்பிட மாட்டாங்க சார். அவன் படுத்தா தூங்கிருவான். பயந்தவன்தான் முழிச்சிருப்பான். எங்கப்பா ரொம்பப் பயப்படுவாருங்க. அதனால எல்லாரும் வந்து அவரைத்தான் கூப்பிடுவாங்க.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகச் சேர்த்தாள், “நான் அவரை விட மோசமுங்க.”

நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். படித்தவன் செய்யக்கூடிய காரியம் அதுதான்.

இப்போது அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. தினமும் காலையில் ஊசியைப் பார்த்து முகம் வெளுத்துப் போகிறதாம். நோயாளிகள்தான் ஆறுதல் சொல்கிறார்களாம். எனக்கு அந்தப் பரிசோதனைக் கூடத்தின் மேல் மிகுந்த நம்பிக்கை.

அந்த மழைக்காலத்தை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டு, கபிலா ஆறு நஞ்சன்கூட்டின் தாழ்வான தெருக்களுக்குள் வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண மையம். கஞ்சி கேந்திரா என்று ஊரில் சொல்வார்கள். நாங்கள் பஸ் பிடித்துப் போய் அங்கேயே தங்கினோம். சோறு பொட்டலம் கட்டுவது, போர்வை கொடுப்பது, குழந்தைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் பிடித்து வைப்பது. நான் படிக்கட்டில் நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை எண்ணும்போதும் ஒரு தலை குறைந்தது. அது நான் எண்ணாமல் விட்ட என் தலை என்று பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு பழைய அரிசி ஆலை. அதன் மதில் சுவர் ஒரு சந்து நெடுகப் போய், அந்தக் கோடியில் இருந்த மாடி வீடுகளில் முடியும். சந்தில் ஆள் மூழ்கும் தண்ணீர், இழுப்பும் இருந்தது. அங்கே மாடியில் சில குடும்பங்கள் இறங்கி வரமுடியாமல் இருந்தன. ஊர் இளைஞர்கள் மதில் மேலேயே நடந்து போய்ச் சாப்பாடு கொடுத்து வந்தார்கள். வேறு தெருவில் வேலை வந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து யார் என்றதும் கை எழுந்தது. நடுங்கியது. பயமா இருக்குதுங்க சார், நான் போறனுங்க.

அவள் நடக்கவில்லை. குதிரை மேல் உட்காருவது போல் மதிலின் இரு புறமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். உள்ளங்கையால் எதிரில் தட்டிப் பார்ப்பாள், அழுத்திப் பார்ப்பாள், பிறகு ஒரு சாண் நகர்வாள். கிரண் தலையில் அடித்துக்கொண்டான். “சார், இவ போய்ச் சேர்றதுக்குள்ள ஆறே வத்திரும். ஸ்வல்ப எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க.”

போய்த் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள், “நடுவுல ஒரு கல்லு லேசா அசையுதுங்க சார். அந்த இடத்துல மட்டும் நான் மூச்சே விடலீங்க.” அடுத்தடுத்த தடவைகளிலும் அதையே வந்து சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வியர்த்து, வெளிறி, உதடு துடிக்க வந்தாள். நான் அவளை நிறுத்தவில்லை. அப்படி அவள் பயந்துகொண்டிருக்கும் வரை எனக்கு ஏதோ ஒரு தைரியம் இருந்தது. அவள் என் பங்குக்கும் சேர்த்துப் பயப்படுவது போல.

அவள் சரியாகத் தூங்கிப் பல பொழுது ஆகியிருந்தது. எங்களில் யாருமே தூங்கவில்லை.

மத்தியானம் தாண்டி மழை மறுபடி பிடித்தது. அந்தக் கோடி வீட்டிலிருந்து ஒரு தகப்பன் போன் செய்தார். மகள் சின்னப் பெண், பள்ளிக்கூடம் போகிறவள், சின்னதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் முந்தின நாளே தீர்ந்துவிட்டது. சொன்னால் எல்லோரும் பதறுவார்கள் என்று தண்ணீர் வடியக் காத்திருந்திருக்கிறார். இப்போது குழந்தை வாந்தி எடுக்கிறாள், கூப்பிட்டால் சரியாகப் பார்க்கமாட்டேன் என்கிறாள். மையத்தில் இருந்த டாக்டரம்மா முகம் இறுகிப் போனது. மருந்தை ஒரு ஐஸ் டப்பாவில் வைத்து, “இது உடனே போகணும். குழந்தையும் ஆஸ்பத்திரிக்கு வரணும்” என்றார். தீயணைப்புப் படகு பின் தெருவில் இருந்தது. சொல்லியாயிற்று, வரும் என்றார்கள். எப்போது என்று யாராலும் சொல்லமுடியவில்லை.

நான் திரும்புவதற்குள் டப்பா அவள் கையில் இருந்தது.

“நான் போறனுங்க சார்.”

வாக்கியத்தில் பாதி காணோம். நான் முன் பாதிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவள் கையைப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் இருந்தது, மேசை மேல் வைத்த கை மாதிரி.

“பயமா இல்லையாம்மா?”

“இல்லீங்க சார்.” சாதாரணமாகச் சிரித்தாள். “உக்காந்து உக்காந்து போனா நேரமாயிருமுங்க. நடந்தே போயிர்றேன்.”

“அந்தக் கல்லு?”

“எந்தக் கல்லுங்க சார்?”

அவள் கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது, ஆனால் உள்ளே காவல் இல்லை. பரண் மேல் இருந்தவர் தூங்கிவிட்டார். நின்றுகொண்டே, சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

போகாதே என்று சொன்னேன். கேட்கவில்லை. நான் சொன்னால் யாருமே கேட்டதில்லை. வகுப்பில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால்கூடக் கேட்கமாட்டார்கள். “கொழந்தைங்க சார்” என்று மட்டும் சொன்னாள். அவள் மதிலை நோக்கித் திரும்பினாள்.

நான் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது கௌரவமான சொல், விழுந்தேன். விழுகிற வாக்கில் அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். வாயிலிருந்து, நாற்பத்தைந்து வயது வரை வீட்டிலும் வெளியிலும் நான் சத்தமாகச் சொல்லாத ஒரு வாக்கியம் வந்தது.

“எனக்குப் பயமா இருக்கும்மா. என்னை விட்டுட்டுப் போகாதே.”

நடிக்கவில்லை. நடிக்கத் தெரிந்திருந்தால் நான் முதல்வராகியிருப்பேன்.

அவள் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பயந்துபோய் ஒருவர் கூப்பிட்டால் விட்டுப் போக அவளுக்குத் தெரியாது. அதுதான் அவளுடைய பலவீனம் என்று எனக்கு அப்போது தெரியாது. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன், அவ்வளவுதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தண்ணி வேணுங்களா சார்?” என்று கேட்டாள்.

கிரண் அவள் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினான். “விடுங்க சார், ரெண்டு நிமிஷம். ஓடிட்டு வந்துர்றேன்.”

“உனக்குப் பயமா இருக்கா?”

“எனக்கா? சே!”

“அப்போ நீயும் உட்காரு.”

“சார், அங்க மகு சார், சின்னக் கொழந்தை…”

“உட்காருடா!”

அப்படி ஒரு குரல் என்னிடம் இருப்பது எங்கள் இருவருக்குமே புதுச் செய்தி. உட்கார்ந்தான்.

பிறகு போன் அடித்தது. குழந்தையின் தகப்பன். “சார், மருந்து அனுப்பிட்டீங்களா சார்? கண்ணைத் திறக்க மாட்டேங்கறா சார்.” படகு வருகிறது என்றேன். “நேத்து அந்தப் பொண்ணு சுவர் மேல வந்துச்சே சார், அந்தப் பொண்ணை அனுப்புங்க சார்.” படகு வருகிறது என்றேன். அவர் அழுதார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது. ஒரு கையில் அந்த அழுகை, ஒரு கையில் பையின் வார். இரண்டில் எதை விட்டாலும் யாரோ ஒருவர் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் பிடித்துக்கொண்டே இரண்டும் போய்விடலாம் என்றும் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் கற்பனை செய்து வைத்திருந்த அத்தனை சாவுகளிலும் இது இல்லை. இதில் காரணம் நானாக இருந்தேன்.

கிரண் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சார்” என்றான், மிக மெதுவாக.

பெரிய சத்தம் ஏதுமில்லை. மதிலின் நடுப்பகுதி, உட்கார்ந்து சலித்தவர் எழுந்து போவது போல, தண்ணீருக்குள் போயிற்று. அதைத் தொட்டு இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. கலங்கல் தண்ணீர் அந்த இடைவெளியில் புகுந்து சுழித்தது. செங்கல் ஒன்றுகூட மேலே தெரியவில்லை.

கிரண் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு மதிலை விடப் பயமாக இருந்தது. “விழுந்துருச்சுங்க” என்றாள், எதிர்வீட்டுக் கொடியில் துணி விழுந்ததைச் சொல்வது போல.

படகு வந்தது. டப்பாவோடு டாக்டரம்மாவே ஏறிப் போனார். நேரம் எவ்வளவு ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் கட்டியிருந்த கையில்தான் பையின் வார் இருந்தது. படகு திரும்பியபோது குழந்தையைப் போர்வையில் சுற்றித் தாய் மடியில் வைத்திருந்தார். டாக்டரம்மா சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். கரையில் இறக்கும்போது மழைத்துளி முகத்தில் விழுந்து குழந்தை முகத்தைச் சுளித்தது. “அம்மா, நீரு” என்றது. தண்ணீர் கேட்டது. சுற்றிலும் ஊர் கொள்ளாத தண்ணீர்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் கையிலிருந்த வார் லேசாக ஆடியது. என் நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் மதில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை உண்மையாகவே பார்த்தாள். உதடு வெளுத்தது. பற்கள் தந்தியடித்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அந்தப் பழைய நடுக்கம் முழுவதும் வந்து சேரும்வரை நடுங்கினாள்.

“சார்” என்றாள். “பயமா இருக்குதுங்க சார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் கதவு திறந்திருந்தது. மைசூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாய் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஏறியாயிற்று. டாக்டரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் ஓடியாட ஒரு ஆள் கூட வேண்டும் என்று கூவினார்.

படியில் என் பக்கத்திலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. மழையில் இலை ஆடுவது போல் ஆடியது.

“நான் போறனுங்க.”

பையின் வாரை விட்டேன்.

“போயிட்டு வாம்மா” என்றேன்.